சக்கரத்தை விட்டு ஏன் போனாய், அந்தோணி?

அன்புள்ள அந்தோணி மச்சானுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

நீ இறந்த நாளின் வருஷப் பூசை முடிந்துவிட்டது. கோயில் வாசலில் உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறையான ரோசம்மா, எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரர் ஒருவர், நல்ல மனுஷர்தான், கோப்பையை வாங்கிக்கொண்டே, "பாவம், அந்தப் பைப்ப மட்டும் ஒடைக்காம இருந்திருந்தா இன்னைக்கும் நல்லா இருந்திருப்பான்" என்றார். ரோசம்மா தேநீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். நான் குடிக்காமலே கோப்பையைப் படியில் வைத்தேன்.

பைப்பை உடைத்தது நீ இல்லை. இதை நான் எப்போதுமே நம்பினேன். ஆனால் ஏன் உடைந்தது என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதோடு உன்னிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது. பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். நான் படித்து நுவரெலியாவில் அரசாங்கக் காரியாலயத்துக்குப் போனேன். நீ தோட்டத்திலேயே பைப்புக்காரனாக இருந்தாய். மலை உச்சித் தொட்டியிலிருந்து கீழே ஃபெக்டரி வரைக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட இரும்புப் பைப்பு. அதில் இறங்கும் தண்ணீரில் ஃபெக்டரியின் ரோதை, அதாவது பெரிய இரும்புச் சக்கரம், சுற்றும். தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்புக் கம்பெனி ஒன்று அதைத் திருத்தி, மின்சாரம் எடுத்து விற்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட கம்பெனிகள் தங்கள் பைப்பை எப்படித் திறப்போம், எப்படி மூடுவோம், எப்படிப் பரிசோதிப்போம் என்று எழுதித் தர வேண்டும். எழுதியது சரியா என்று பார்த்து முத்திரை குத்துவது எங்கள் காரியாலயத்தின் வேலை.

முதல் தடவை நான் பரிசோதனைக்கு வந்த காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தொட்டியில் சேறு அள்ளி முடித்திருந்தீர்கள். பைப்பு காலியாகக் கிடந்தது. நீ தண்ணீரை அடைக்கும் கேட்டின் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்பினாய். தண்ணீர் சலசலவென்று உள்ளே இறங்கியது. உடனே கையைத் துடைத்துக்கொண்டு, சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, டர்பன்டைன் மரத்தடியில் இருந்த ரோதமுனியிடம் போனாய். ரோதை சுற்றும் இடத்துக்கெல்லாம் காவல் என்று நம் ஆட்கள் நட்டு வைத்த கல். மூன்று பக்கமும் பலகைக் கல் சாத்தி ஒரு கூடு. அதற்குள் சூடம் ஏற்றினாய்.

"என்னடா, மாதா கோயில்ல பாட்டுப் படிக்கிறவன் இங்க சூடம் காட்டுற?" என்றேன்.

"கத்தாத மச்சான். ஃபாதர் காதுல விழுந்துறும்."

"அப்ப எதுக்குடா செய்யுற?"

"எனக்கு முந்தி இருந்த ராமையாண்ணன் செஞ்சாரு. அவருக்கு முந்தி இருந்தவரும் செஞ்சாராம். செய்யாமத் தொறந்தா கோவிச்சுக்கும்னு சொன்னாரு."

"யாரு, பைப்பா சாமியா?"

"அத நான் கேக்கலயே" என்று சிரித்தாய்.

சூடச் சுடர் படபடவென்று ஆடியது. நீ அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாய். அணைந்ததும் இன்னொன்று ஏற்றினாய். "இன்னும் ஏத்துக்கல" என்றாய். பிறகு ஒரு சூடம் ஆடாமல் நேராக நின்று எரிந்தது. "உத்தரவு கெடச்சிருச்சு" என்று எழுந்து போய்ச் சக்கரத்தை முழுவதும் திறந்தாய். எனக்குச் சிரிப்பு. ஆனாலும் ஏதோ உறுத்தியது. ஏனென்றால் என் கையில் இருந்த கம்பெனியின் புதிய விதிகளில் வேறு மாதிரி இருந்தது: கேட்டைத் திறக்கத் தொடங்கியவர் மெதுவாகத் திறக்க வேண்டும், முழுவதும் திறந்து முடியும் வரை சக்கரத்தை விட்டு விலகக் கூடாது.

படிக்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பார். அதனால்தான் ஓரத்தில் எழுதினேன்: "நடைமுறையில் ஆள் விலகிப் போகிறார். ஏன் என்று விசாரித்துவிட்டு அங்கீகரிக்கவும்."

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்தவர். அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உங்கட வேலை எழுதினது சரியோ எண்டு பாக்கிறது. அந்தாள் எங்க போகுது, ஆரைக் கும்பிடுது எண்டு பாக்கிறதில்லை."

"எழுதினது ஒன்று, செய்கிறது ஒன்றாக இருக்கிறதே, சார்."

"அப்ப செய்யிறதை மாத்தச் சொல்லுங்கோ. விதி வடிவாத்தானே இருக்கு."

சிவப்புப் பேனையால் என் கேள்வியை வெட்டினார். அவர் கெட்டவர் இல்லை, மச்சான். கம்பெனி கொடுத்த பிளேன்டீயைக்கூடத் தொடாதவர். லஞ்சம் வாங்கியிருந்தால் அவரை வெறுப்பது எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நேர்மையான மனிதர் ஒரு கேள்வியை வெட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார் என்பதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு விதிகள் உங்களுக்குப் படித்துக் காட்டப்பட்டன. கொழுந்து வாட்டும் மேல்மாடியில் எல்லோரையும் உட்கார வைத்து, இங்கிலீசுப் புத்தகத்தைச் சிங்களத்தில் நீளமாக விளக்கினார்கள். தமிழில் சொல்லத் தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையா எழுந்து நின்றார். நீதான் பிறகு எனக்கு அவரைப் போலவே நடித்துக் காட்டினாய்: "சக்கரத்த விட்டு நகரக் கூடாது. நகந்தா வேல இல்ல. வெளங்குச்சா? கையெழுத்தப் போடு." நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அதுதான் அந்தப் பைப்பைப் பற்றி நாம் கடைசியாகச் சிரித்தது.

அடுத்த முறை சேறு அள்ளிய பிறகு நீ புத்தகத்தில் இருந்தபடியே செய்தாய். நகரவில்லை. ரோதமுனிப் பக்கம் திரும்பவில்லை. மெதுவாக, ஆனால் நிறுத்தாமல், கடைசி வரை திறந்தாய். கீழே வளைவில் பைப்பு வெடித்தது. சேறும் தண்ணீரும் தேயிலைச் செடிகளை வேரோடு பெயர்த்துக்கொண்டு போய்ப் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராச் சுவரைத் தள்ளின. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடியாத நேரம் என்பதால் பிள்ளைகளை இன்னும் கொண்டுவந்து விட்டிருக்கவில்லை. ஒரு உயிரும் போகவில்லை.

விசாரணையில் நான் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நான் புத்தகத்துல இருக்க மாதிரியேதாங்க செஞ்சேன்" என்றாய்.

"மெதுவாகத் திறக்கவும் என்று இருக்கிறதே?" என்றார் விசாரணை அதிகாரி.

"மெதுவாத்தாங்க தொறந்தேன்."

"எவ்வளவு மெதுவாக?"

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பேனையைப் பார்த்தேன். எனக்கும் பதில் தெரியாது. புத்தகத்தை எழுதியவருக்கும் தெரியாது. ஆனால் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் உன் பெயர் வந்தது. விதி சரி, ஆள் பிழை. கம்பெனி தப்பியது, எங்கள் முத்திரையும் தப்பியது. உனக்காகப் பேச வந்த தொழிற்சங்கத்துக்காரர் தோட்டத் தொரையோடு கை குலுக்கிவிட்டு வேனில் ஏறினார். அவர் முகமும் எனக்கு மறக்கவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை போய், நுவரெலியாச் சந்தையில் லீக்ஸ் மூட்டை தூக்கினாயே, அப்போதும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்து முறுக்குச் சாப்பிட்டுவிட்டுப் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனாய். நான் பேச்சை எடுத்தால், "விடு மச்சான், பஸ்ஸுக்கு நேரமாச்சு." எத்தனை தீபாவளி அப்படிப் போயிற்று?

இப்போது போன மாதக் கதை. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இன்னொரு கம்பெனியின் பைப்பைப் பார்க்கப் போனேன். அங்கே கேட்டுக்காரர் குணபால என்கிற சிங்களப் பெரியவர். சக்கரத்தைச் சிறிது திருப்பினார். பிறகு கல்லில் உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். நான் கிட்டப் போனேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். "முழுசாகத் திறப்பதற்கு முன் ஒரு வாய் வெற்றிலை போட வேண்டும், மாத்தயா. இங்கே அப்படித்தான்" என்றார். ஏன்? தெரியாது. அவருடைய மாமா அப்படித்தான் செய்தாராம்.

தொட்டிக்குக் கொஞ்சம் கீழே, பைப்பின் முதுகிலிருந்து கொக்குக் கழுத்துப் போல ஒரு குழல் மேலே வந்து வளைந்திருக்கும். காற்றுப் போவதற்கு. அதன் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துளிக் காற்று இல்லாத காலை. கைக்குட்டை மட்டும் கொடி மாதிரிப் பறந்தது. குழல் வாயில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் ஏற ஏற, பைப்பில் இருந்த காற்று அத்தனையும் அதன் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கைக்குட்டை தொங்கியது. குணபால எச்சிலைத் துப்பிவிட்டு எழுந்தார்.

அங்கேயே எனக்கு உன் சூடம் ஞாபகம் வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உன் தொட்டிக்கு ஏறினேன். ரோதமுனிக் கூட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். செடி மண்டிக் கிடந்ததை விலக்கினால், அதே கொக்குக் கழுத்து. அதன் வாய் பின்கல்லின் இடுக்கு வழியாக நேராகக் கூட்டுக்குள் திரும்பி இருக்கிறது, அந்தோணி! விளிம்பெல்லாம் சூடக் கரி. மலைக்காற்று படாமல் மூன்று பக்கமும் கல் சாத்தியது ஏன் என்று இப்போது புரிகிறதா? பைப்புக்குள் காற்று இருக்கும் வரை சுடர் ஆடும். காற்றெல்லாம் போய்த் தண்ணீர் நிறைந்தால் சுடர் நேராக நிற்கும். அதற்குப் பிறகு முழுதாகத் திறந்தால் ஆபத்தில்லை. அதற்கு முன் திறந்தால், வெளியேற நேரம் கிடைக்காத காற்று வளைவில் மாட்டிக்கொண்டு பழைய இரும்பைப் பிளக்கும்.

இப்போது என் கேள்வி. உனக்கு இது தெரியுமா?

தெரிந்திருந்தால் விசாரணையில் ஏன் சொல்லவில்லை? "சூடம் ஆடுது சார், அதான் நிப்பேன்" என்றால் சிரிப்பார்கள் என்றா? தெரியாமல்தான் செய்தாய் என்றால், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்குகிறவன், நம்பாத சாமிக்கு முன்னால் அவ்வளவு பொறுமையாக எப்படிக் குந்தியிருந்தாய்? ராமையாண்ணனுக்குத் தெரியுமா? அந்தக் கல்லை முதலில் அங்கே நட்டவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் யார்? எழுதி வைத்தால் படிக்க ஆள் இருக்காது, சாமியாக வைத்தால் மறக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டானா? அல்லது அவன் காலத்துத் தொரைக்கும் ஒரு புத்தகம் இருந்து, அதற்குத் தப்பத்தான் சாமியை வைத்தானா? இதை நினைத்தால் எனக்குக் கோபம்கூட மறந்துபோகிறது. ஆள் கிடைத்தால் உட்கார வைத்துப் பேசிக்கொண்டே இருப்பேன்.

கோபம் திரும்பி வரவும் காரணம் இருக்கிறது. உன் பைப்பின் விதிகள் மறு அங்கீகாரத்துக்கு வந்திருக்கின்றன. அதே வரி. சக்கரத்தை விட்டு விலகக் கூடாது. புது வளைவு இதுவரை தாங்குகிறது. பிள்ளைக்காம்பராவை அதே இடத்தில்தான் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஃபைலை என் மேசைக்கு அனுப்பவில்லை. கேட்டேன். இப்போதைய அதிகாரி, "உங்களுக்கு அதில் சொந்தக் கோபம் இருக்கிறது" என்றார். காரணம் அந்தோணி என்று எழுதியிருக்கும் வரை விதியில் பிழை இருக்க முடியாது. விதி மாறினால் உன் பெயர் அந்த இடத்தில் நிற்க முடியாது. இரண்டும் ஒரே முடிச்சு.

ஆகவே இதைப் பத்திரிகைக்கும், ஒரு பிரதியைக் காரியாலயத்துக்கும் அனுப்புகிறேன். அவர்கள் எழுத வேண்டியது சிறிய விஷயம்: சிறிது திறந்து நிறுத்தவும், காற்றுக் குழலில் காற்று அடங்கிய பிறகே முழுவதும் திறக்கவும். சூடமோ வெற்றிலையோ கைக்குட்டையோ, அது அவரவர் விருப்பம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். அடுத்த முறை உன் பைப்பில் சேறு அள்ளி முடியும்போது நான் அங்கே இருப்பேன். கேட்டுக்காரனிடம் கெஞ்சியாவது நிறுத்த வைத்து, ரோசம்மாவையும் அந்தப் பக்கத்து லயத்துக்காரரையும் கூட்டி வந்து, கூட்டுக்குள் சூடம் ஏற்றிக் காட்டுவேன். ஆடுவதையும் பார்க்கட்டும். நிற்பதையும் பார்க்கட்டும்.

அடியில் பேர் போடத்தான் பேனையை எடுத்தேன். போட்டால் பேரைத்தான் முதலில் வாசிப்பார்கள். "ஓ, அவனா, அவன் எழுதுவான்" என்று மிச்சத்தை மூடிவிடுவார்கள். பேர் இல்லாவிட்டால் யார் என்று தேடுவதற்காகவாவது கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டி வரும். கண்டுபிடிக்கட்டும், வாசித்த பிறகுதானே. அந்தக் கல்லை நட்டவனும் பேர் வெட்டி வைக்கவில்லை. கையெழுத்தில்லாமலே உறையை ஒட்டித் தபாலில் போடப் போகிறேன்.

இந்த மலையில் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடாதவர்கள் யார்? அதனால் இது போதும்.

உன் மச்சான்