பெரிய தெருவில் மடங்காத குடை

பெரியம்மா,

காலையில் செஞ்சியில் நல்ல மழை. கடைக்குப் போக உங்கள் குடையை எடுத்து விரித்தேன். துணியெல்லாம் மாற்றியாகிவிட்டது. பிரம்புப் பிடி மட்டும் உங்களுடையதேதான்.

நமக்குள் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். சர்ச்சில் ஒரே பாயில் உட்காருவோம். ஜெபம் நடக்கும்போதே முழங்கையால் இடிப்பீர்கள். "தள்ளி ஒக்காருடி! பரலோகத்துலயும் இப்டித்தான் எடம் புடிப்பியா?"

அறுபதுகளில் நம் சேரிக்காரர்கள் பெரிய தெருவில் குடை பிடித்து நடக்கக் கூடாது. நம் பிணமும் அந்த வழியே போகக் கூடாது, ஏரிக்கரை வழிதான். சர்ச்சுக்கு வரும்போது தெருமுனையில் குடையை மடக்குவீர்கள். மடக்கும்போதெல்லாம் ஒரே பேச்சு: "நான் செத்தா இந்தத் தெரு வழியாத்தான் போவேன். மாட்டேன்னீங்கன்னா, பெட்டியத் தொறந்துகினு நானே நடந்து பூடுவேன்!"

உங்களை எடுத்த அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஜனத்தால் பெரிய தெரு நிரம்பிக் கிடந்தது. தெருமுனையில் பெட்டி நின்றுவிட்டது. எதிரே வீட்டுப் படிகளில் அந்தத் தெருக்காரர்கள் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார்கள். "வழக்கம்போல ஏரிப்பக்கமே போயிடலாமே" என்று சர்ச் உபதேசியார் மெல்ல இழுத்தார். தூக்கியிருந்தவர்களும் அந்தப் பக்கமே திரும்பிவிடப் பார்த்தார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"நேரா நடங்கடா! இல்லன்னா கெழவி எழுந்து நடந்துடுவா!"

சாவு ஊர்வலத்தில் யாராவது சிரிப்பார்களா? சிரித்தார்கள் பெரியம்மா! முன்னால் தூக்கியிருந்தவன்தான் முதலில். அப்புறம் உபதேசியாரே சிரித்துவிட்டார். சிரித்ததில் பயம் விட்டுப்போயிற்று. பெட்டி நேராகப் பெரிய தெருவுக்குள் நுழைந்தது. உங்கள் குடையை விரித்துப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். நம் ஜனம் தொண்டை கிழியப் பாடியது. முறைத்தவர்களில் ஒருவர் தெருவில் இறங்கினார். எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். திரும்பவும் படியேறிக்கொண்டார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்வேன்!

பஸ்ஸுக்கு நின்ற வெளியூர்க்காரி ஒருத்தி கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்: "யாரும்மா செத்தது? பெரிய ஆளா?"

"ஆமா, ரொம்பப் பெரிய ஆளு" என்றேன். குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். அழுகையும் வந்தது.

இன்றைக்கு நான் பெரிய தெருமுனைக்கு வருவதற்குள் மழை நின்றுவிட்டது. வெயில்கூட இல்லை. தெரிந்த கடைக்காரர் கேட்டார்: "மழதான் வுட்டுடுச்சேம்மா, இன்னும் இன்னாத்துக்குக் கொட?"

"இது எங்க பெரிம்மா கொட. இந்தத் தெருவுல மடக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கடைசி வரைக்கும் விரித்தபடியே நடந்தேன்.