தலைப்புக்குப் பெயர் போடுவதில்லை

அக்டோபர் 29, புதன்

தூறல். கே.கே. நகரில் மட்டும், பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெயிலாம். மாடியில் துணி. கேஸ் புக் பண்ண வேண்டும். பல் டாக்டர்: தள்ளிப்போட்டாயிற்று.

காலையில் அடுப்படியில் விஜயா சிரிக்கும் சத்தம். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியின் சிரிப்பு மூக்கோடு நின்றுவிடும். இன்று கரண்டி கீழே விழுந்தது. போய்ப் பார்த்தேன். போனில் ரங்கராஜன்.

ஸ்ரீரங்கத்துக்காரன். ஒரே பத்திரிகையில் அவன் நிருபர், நான் உதவி ஆசிரியர். இருவரும் ரிட்டயர்டு. இனி இங்கே ரங்.; முழுப் பெயர் எழுத மனசு வரவில்லை. தினமும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறான். பழைய பேப்பர் தலைப்பு ஒன்றைப் படிப்பது, அதற்கப்புறம் ஊரில் என்னென்ன நடந்திருக்கும் என்று சொல்வது. அவ்வளவுதான் வேலை. மஸ்கட் வரை கேட்கிறார்களாம்.

இன்றைய தலைப்பு: "எடமலைப்பட்டி புதூரில் புலி நடமாட்டம்? பூனை என விளக்கம்". ரங். கண்ட பின்விளைவு: செய்தி வந்த நாளிலிருந்து அந்தப் பூனை பாலைத் தொடுவதில்லை. தெரு நாய்கள் எழுந்து நின்று வழிவிடுகின்றன. எலிகளுக்கு மட்டும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

அந்தத் தலைப்பை வைத்தவன் நான். கேள்விக்குறி உட்பட.

அக்டோபர் 30, வியாழன்

மழை இல்லை. கேஸ் புக் பண்ணியாயிற்று.

நேற்றைய புலி என்னுடையது என்று விஜயாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "புலி யாரோடதா இருந்தா என்னங்க, சிரிக்க வச்சது அவருதானே" என்றாள். நல்ல பதிலாக யோசிப்பதற்குள் அவள் கத்திரிக்காய்க்குப் போய்விட்டாள்.

நானும் நகைச்சுவை எழுதியவன்தான். வாராவாரம், கடைசிப் பக்கம். விஜயா தமிழாசிரியை; ஒன்று விடாமல் படித்திருக்கிறாள். ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துக் கொடுப்பாள். சிரித்ததாக ஞாபகம் இல்லை.

ரங். மேல் பொறாமைக்குக் காரணங்கள்:

குரல்.

விஜயாவை மன்னி என்கிறான். எங்கள் பக்கம் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. அவளுக்குப் பிடித்திருக்கிறது.

அவன் கொண்டுவந்த செய்தியை நான் வெட்டி, சீவி, மேலே தலைப்பு வைத்தேன். செய்தியை ஊர் மறந்துவிட்டது. தலைப்பு நிற்கிறது. பக்கத்தில் அவனும் நிற்கிறான்.

முடி. இந்த வயதில் அவ்வளவு எதற்கு.

நவம்பர் 1, சனி

மேகம். துணி காயவில்லை. ரவை தீர்ந்தது.

ஒரு யோசனை. ரங்.குக்குத் தலைப்புகள் கேட்பவர்களிடமிருந்து வருகின்றன. அலமாரித் தட்டில் விரித்த தாள், டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்ட தாள். பார்த்தவர்கள் டைப் அடித்து அனுப்புகிறார்கள், இவன் படிக்கிறான். சரிபார்ப்பதில்லை. நிருபராக இருந்தபோதும் சரிபார்த்ததில்லை. அதற்குத்தான் நாங்கள் இருந்தோம்.

ஆகவே எந்தப் பேப்பரிலும் வராத ஒரு தலைப்பை நானே செய்து அனுப்புவது. அவன் படிப்பான். படித்ததும், அப்படி ஒன்று அச்சாகவே இல்லை என்று விஜயாவிடம் சொல்வது. எல்லாம் பத்திரிகை தர்மத்தை முன்னிட்டு.

மத்தியானம் முழுக்க அதே வேலை. இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்க வேண்டும். அச்சாகப் போவதில்லைதான், கை கேட்கவில்லை, விரலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் விட்டது. முடிவில்:

"மாட்டைத் தேடிப் போனவர் மாயம், மாடு வீடு திரும்பியது".

சும்மா கிடக்கும் இரண்டாவது சிம்மிலிருந்து அனுப்பினேன். பெயர் தங்கராசு, ஊர் மணப்பாறை. மாட்டுச் செய்தி என்றால் அந்த ஊரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

தூங்கி எழுந்தபோது லேசாக வெட்கம். காபியோடு போய்விட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

நல்ல வெயில். ஸ்ரீரங்கம். விஜயா சேவிக்க உள்ளே போனாள், நான் செருப்புகளுடன் வெளியே. தரிசனம் முடித்துச் சித்திரை வீதியில் நடந்தால், காபிக் கடை வாசலில் ரங். போகிற வருகிறவர்கள் நின்று பூனையை நலம் விசாரிக்கிறார்கள். இவனும் சௌக்கியம் என்கிறான்.

"ஓய், அந்தப் புலி உம்மதுதானே? ஞாபகம் இருக்கு" என்றான்.

அதைப் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"தலைப்புக்கு யார் ஓய் பேர் போடறா? செய்திக்குத்தானே போடுவா."

உண்மை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதுவும் பெருமையாக.

பிறகு விஜயாவிடம், "மன்னி, செவ்வாய்க்கிழமை ஒரு மாடு வர்றது. கேட்க மறந்துடாதீங்கோ." அவள் முகத்தில் இப்போதே பாதிச் சிரிப்பு.

திரும்பும்போது காவிரியில் தண்ணீர் நன்றாகப் போனது. பஸ் பாலத்தில் வந்தபோது விஜயா தண்ணீரைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மூட்டம். ரவை இன்னும் வாங்கவில்லை.

காலையில் பேப்பரோடு அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே நான் உட்காருவதில்லை, விஜயா கவனிக்கவில்லை. போனில் ரங். தொண்டையைச் செருமினான், தலைப்பைப் படித்தான். மேற்கொண்டு அவன் பேசுவதற்குள் இவள் போனை நிறுத்திவிட்டாள்.

சிரிப்பு. அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். என் தோளில் ஒரு அடி வேறு.

மீதியை அப்புறம் போட்டாள். மாடு ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கிறதாம்: கட்டம் போட்ட லுங்கி, கையில் கயிறு, கூப்பிட்டால் வரமாட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவளுக்கு வரவில்லை. "இதெல்லாம் வளவளன்னு இருக்குங்க. தலைப்பே போதும்" என்றாள்.

திட்டப்படி நான் பேச வேண்டிய இடம் இதுதான். வாயைத் திறந்தேன்.

"யாருங்க வச்சிருப்பாங்க இந்தத் தலைப்ப? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அது பொய்த் தலைப்பு என்றால் அந்தச் சிரிப்பும் போய்விடும். தெரியாது என்றேன்.

"பெரிய ஆளா இருப்பாரு. கொஞ்சங்கூடச் சிரிக்காம எழுதியிருப்பாரு, பாருங்க."

துணி மடிக்கும்போது தனியாகப் புன்னகை. சாம்பாரில் உப்பு இல்லை. கேட்டால், ஏதோ ஞாபகம் என்கிறாள். ரங். மேல் இருந்த பொறாமை சுத்தமாக இறங்கிவிட்டது. இப்போது முழுக்க தலைப்பு வைத்த அந்த ஆள் மேல்.

சாயங்காலம் மறுபடி ஆரம்பித்தாள். அவரு இப்ப எங்க இருப்பாரோ, என்ன பண்றாரோ.

"எங்கயாவது ரிட்டயர்டு ஆகி உக்காந்திருப்பான்" என்றேன்.

"உக்காந்திருப்பாருன்னு சொல்லுங்க" என்றாள்.