லண்டன் வழியாக ஹட்டன்

2006 ஜூன், திங்கள்
மழை. ஹட்டன் டவுனையே தூக்கி டிக்கோயாவில் வைத்துவிடும் மழை. என் நெட் கடையில் நாலு கம்ப்யூட்டர், ஒரு சக்கரவர்த்தி (நான்).

கொழும்பிலிருந்து யமுனா போன். தங்கச்சி மகள். இணையக் கம்பனியில் பயிற்சிக் காலம் முடியப்போகிறது. அவள் செய்த வேலை: வெப்சைட் ஒன்று, பெயரும் ஒன்று; சர்வர் மட்டும் கொழும்பிலும் லண்டனிலும். பெயரைத் தட்டுகிறவரைப் பக்கத்துச் சர்வருக்கு அனுப்ப வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பக்கத்திலிருக்கும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம், அப்படி. வெள்ளிக்கிழமை கம்பனிப் பெரியவர்களுக்குக் காட்டுகிறாள். சரிவந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியோடு தலவாக்கலை வீட்டுக்கு. மலைநாட்டின் சார்பில் பரிசோதிக்கும் பொறுப்பு என் தலையில்.

செவ்வாய்
குளிர். பல்பு வாங்க வேண்டும். பெயரைத் தட்டினேன். பக்கத்தின் அடியில், எந்தச் சர்வர் என்று காட்டும் இடத்தில், 'லண்டன்' என்று விழுந்தது. மறுபடி. லண்டன்.

மகன் அனுப்பிய படத்துக்குக் காத்திருந்த சரோஜா அக்கா: "இது தெறக்கிறதுக்குள்ள மலையில ரெண்டு தடவ கொழுந்து எடுத்துரலாம்."

யமுனாவிடம் சொன்னேன். கண்டிக்கு ஒரு போன் போட்டு விசாரித்தாள். பிறகு, "கண்டியில சரியா வருது மாமா. ஒங்ககிட்ட மட்டும் ஏன்?" சிரிக்கவைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கவலையில் சாப்பாடு இறங்கவில்லை (ஆறு தோசை மட்டும்).

புதன்
கொஞ்சம் வெயில். யமுனா போனில் என் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"இந்த நம்பர் யாரு குடுத்தது மாமா?"

லண்டன் சிநேகிதன். வெப்சைட் பெயரைச் சொன்னால் சர்வர் எங்கே என்று விசாரித்துச் சொல்கிற லண்டன் மெஷினின் நம்பர். சீமை மெஷின் விசேஷம் என்று நாலு கம்ப்யூட்டரிலும் போட்டேன். கடைப் பலகையிலும் 'நேரடி லண்டன் இணைப்பு'.

"நமக்காக யாரு கேக்குறாங்களோ, என் சிஸ்டம் அவங்க இருக்கிற எடத்ததான் பாக்கும். ஒங்களுக்காக லண்டன் மெஷின் கேக்குது. அதான் லண்டனுக்கு அனுப்புது."

அதாவது, காய்ச்சல் டிக்கோயாவில். ஆஸ்பத்திரி எங்கே என்று விசாரிக்க ஆளை அனுப்பியது லண்டனுக்கு.

அவள் சொன்ன கொழும்பு நம்பருக்கு மாற்றினேன். பக்கம் பட்டென்று திறந்தது. அடியில் 'கொழும்பு'. அவள் சிரித்தது திம்புள்ள வரை கேட்டிருக்கும்.

வெள்ளி
தூறல். வேலை நிரந்தரம்! பெரியவர் ஒருவர், யாராவது வேறு நாட்டு நம்பரைப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று மடக்கினாராம். இவள் தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஒங்க கதையத்தான் சொன்னேன் மாமா. பேரு சொல்லல."

சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு
மூடுபனி. யமுனா ரயிலில் வந்தாள். கேக் வாங்கி வந்தாள். கடைப் பலகையைப் பார்த்ததும், பலகை எழுதுகிற சந்திரனைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். அவன் லண்டனை அழித்தான். வேறு என்ன எழுத என்று கேட்டான். அண்டசராசரம் அதிர நான் ஏழெட்டு யோசனை சொன்னேன். யமுனா பிளேன்டீக் கோப்பையை வைத்துவிட்டு, "பக்கத்துலயே இருக்கோம்னு எழுதுங்க" என்றாள்.

எழுதினான். பெயின்ட் காய்வதற்குள் மழை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றோம்.