குட்டையாகிக்கொண்டே போன ஜீன்ஸ்

நேற்று ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பெடுக்க மண்டியிட்டேன். வலது முட்டியில், பழைய ஒட்டின் ஓரமாக, ஜீன்ஸ் பர்ரென்று கிழிந்தது. உடனே வாய் உன் பெயரைத்தான் சொன்னது, திட்டுவதற்காக. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

உன்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது? முட்டியில் ஓட்டை விழுந்தால் எல்லோரும் கிடைத்த துணியை வைத்து ஒட்டுப் போடுவார்கள். நீ மட்டும் அதே ஜீன்ஸின் கால் நுனியை வெட்டுவாய். "ஏங்க, வேற துணி வச்சாத் தனியாத் தெரியும். இதுலயே எடுத்தாத்தான் நெறம் ஒத்துவரும்" என்பாய். பக்கத் தையலைப் பிரித்து, துண்டை உள்ளே வைத்து, மிஷினில் முன்னும் பின்னுமாக நெருக்கி ஓட்டுவாய். ஒட்டுப் போட்ட இடம் தெரியாது, உண்மைதான். என் கணுக்கால்தான் தெரியும். நான் பார்ப்பதோ மண்ணில் மண்டிபோடுகிற வேலை. முட்டி கிழியக் கிழிய பேண்ட் மேலே ஏறிக்கொண்டே போனது.

"என்னண்ணே, ஆத்துல எறங்கப் போறீகளா?" என்று தோட்டத்துக்காரர்கள் கேட்டதை உன்னிடம் வந்து கொட்டினால், நீ மிஷினிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டாய்.

"முட்டி தெரியுதா? தெரியலைல? அம்புட்டுத்தான்."

மறுநாளும் அதே பேண்டைத்தான் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன்.

கிழிசலோடு வீட்டுக்கு வந்ததை நம் மகன் பார்த்தான். "அதத் தூக்கிப் போடுங்கப்பா. தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த புது ஜீன்ஸ் அப்படியே கெடக்குல்ல?" என்றான். அவனுக்கு என்ன தெரியும். நீ தைத்த ஜாக்கெட்டையெல்லாம் ஞாபகத்துக்கு வேண்டுமென்று உன் தங்கை வாரிக்கொண்டு போய்விட்டாள். உன் கை ஓடிய தையல் என்று இந்த வீட்டில் மிச்சமிருப்பது இந்த முட்டி ஒன்றுதான். அதைத் தூக்கிப் போட என்னால் முடியாது.

சரி, நானே தைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். இனியும் இதில் வெட்டினால் அரைக்கால் டவுசர் ஆகிவிடும். அதனால் புது ஜீன்ஸின் கால் நுனியை வெட்டினேன். மகன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். மிஷினில் நீ கோர்த்து வைத்த நீல நூல் அப்படியே இருந்தது. தடித்த மடிப்பில் ஏறும்போது ஊசி முறிந்தது. வேறு ஊசி மாட்டி, உன்னைப் போலவே முன்னும் பின்னுமாக ஓட்டினேன். எனக்கே திருப்தியாக இருந்தது. போட்டுப் பார்க்கலாம் என்று காலை விட்டால் பாதியிலேயே நின்றுவிட்டது. முன்துணியையும் பின்துணியையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். நீ பக்கத் தையலை எதற்குப் பிரித்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. அம்புட்டுப் பேசுகிறவள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பிரித்துவிடலாம் என்று பிளேடை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தேன். ஒரே நூல், ஒன்றின் மேல் ஒன்றாக ஓடியிருக்கிறது. எது நீ தைத்தது, எது நான் தைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. தவறிப்போய் உன்னுடையதை அறுத்துவிட்டால்? பிளேடை வைத்துவிட்டேன்.

இனி அதைப் போடவும் முடியாது, பிரிக்கவும் மாட்டேன். இன்று காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன், வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே.