நெற்றிப்பொட்டில் வைத்த கருவி

காரைக்கால்மேடு
9.9.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறாளே என்று கோபிக்காதே. பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். அவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். தினமும் இதே பிழைப்பாகிவிட்டது.

அவருக்கு நடை தேவலை. பேச்சும் முக்கால்வாசி வந்துவிட்டது. வலது கைதான் வலைக்கயிற்றை நழுவவிடுகிறது. "ஊசியோட விட்டிருக்கலாம். ஒங்க அண்ணன் எம்புள்ள மண்டையில மிஷினக் கட்டி சோதிச்சுப் பாத்துட்டாரு, நீயும் கையெழுத்துப் போட்ட" என்கிறார் அத்தை.

உன் வீட்டுக்கு வந்த இடத்தில் பக்கவாதம் வந்து வாய் கோணியதால் பிழைத்தார். இங்கே கோணியிருந்தால் ஊசி போடவேண்டிய மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போயிருக்கும். சொன்னால் அத்தைக்கு ஏறவில்லை.

ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி எல்லோருக்கும் உண்டு, நெற்றிப்பொட்டில் ஒலிக் கருவியும் எல்லோருக்கும் கட்டுவோம், ஊசிக்கு ஒலி துணை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒலி பாதிப் பேருக்குத்தான் ஓடும், அது குலுக்கலில் விழும் என்றார் உங்கள் ஆஸ்பத்திரி டாக்டர். பாப்பா வயிற்றில் இருந்தபோது ஸ்கேனில் வைத்த ஒலிதானே என்று கையெழுத்துப் போட்டேன்.

அண்ணா, அவருக்கு ஒலி ஓடியதா, இல்லையா? ஓடாததால் கை வரவில்லையா, ஓடியதால் வரவில்லையா? கேட்டுச் சொல். ஐப்பசியில் பாப்பாவுக்குக் காதுகுத்து. மாமன் மடியே வேண்டாம் என்கிறார் அத்தை.

உன் தங்கை,
வினிதா

சென்னை
15.9.2005

அன்புத் தங்கைக்கு,

நான் எதையும் மறைக்கவில்லை. எனக்கும் தெரியாது, மாப்பிள்ளையைப் பார்த்த டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால், கையைத் தூக்குங்கள் என்று சொல்லும்போதே மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எல்லோருக்கும் பார்த்து முடித்த பிறகுதான் குலுக்கல் சீட்டைப் பிரிப்பார்கள். அதற்கு முன் கேட்க மாட்டேன்.

ஊசியை நேரத்துக்குள் போட்டார்கள். அது நிச்சயம். கைப்பயிற்சியை விடாதே.

அத்தைக்குப் பிடிக்காத மடி எதற்கு? நான் வரவில்லை.

நாகராஜ்

காரைக்கால்மேடு
24.9.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அவர் பிடுங்கி, அத்தைக்கு உரக்கப் படித்தார்.

"கேட்டியா? கட்டுனவங்களுக்கே தெரியலயாம். ஒனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சிது?"

"அப்ப எம்புள்ள தலை குலுக்கல் சீட்டாடா?"

"கடலுக்குப் போறதும் குலுக்கல்தான். தெனம் நீதான அனுப்பி வெச்ச?"

அத்தை மீன் சட்டியை இழுத்துக்கொண்டார். மீனை அலசி முடித்துத்தான் என்னிடம் வந்தார். "மாமங்காரன் வரலன்னா, தப்பு செஞ்சவன் ஒளிஞ்சுக்கிட்டான்னு ஊரு பேசும். வரச்சொல்லு. மொதல்ல எம்புள்ள கையப் பாக்கட்டும், அப்பறம் மடியில வெச்சுக்கட்டும்."

காலையில் எழுந்ததும் அவரைச் சிரிக்கச் சொல்கிறேன். "எஞ்சிரிப்பு மேல ஒனக்கு அவ்வளவு ஆசையா?" என்கிறார். வாய் நேராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

ஒலி ஓடியதா என்று இனிக் கேட்க மாட்டேன். ஆனால் வேறு மடியில் பாப்பாவை உட்காரவைக்க என்னால் முடியாது. நீ வராவிட்டால் காது குத்தாமலே இருக்கட்டும்.

வருகிறாயா என்று உடனே பதில் எழுது.

வினிதா