டிரையரை அணைத்துவிட்டு

மார்ச் 3, செவ்வாய்

தையல் பிரித்தார்கள். வலது கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. கத்தரி பிடிக்க மாதக்கணக்கில் ஆகுமாம். "பொறுமையா இருங்க" என்கிறார் டாக்டர். பார்லர் வைத்திருப்பவள் கட்டைவிரல் இல்லாமல் எப்படிப் பொறுமையாக இருப்பாள்? கடைக் கண்ணாடிமேல் செங்கல் எறிந்து என் கையைக் கிழித்தவள் ஜெயிலில் இருக்கிறாள். நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி

நன்னடத்தை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். தீர்ப்புக்கு முன்னால் நானும் செங்கல்காரியும் ஒருமுறை உட்கார்ந்து பேசலாமாம். பேச்சு சரியாக வந்தால், அவளை உள்ளே வைக்காமல் மேடத்தின் கண்காணிப்பில் வெளியே விடச் சொல்லி நீதிபதியிடம் கேட்பாராம். இல்லாவிட்டால் இரண்டு வருஷம். அவளுக்கு மூன்று வயதில் பெண் குழந்தை. இப்போது அப்பனிடம் இருக்கிறது, அவள் உள்ளே போனால் அங்கேயேதான்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

போலீஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை. "என் கட்டைவிரல் வேணும்" என்றேன். மேடம் சிரிக்கவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த அக்காதான் சிரித்தாள். மேடம் போனதும் சொன்னாள்: "இரக்கம் பாத்தேன்னா நாளைக்கு நாலு செங்கல் வரும், பாத்துக்கோ."

மார்ச் 12, வியாழன்

மேடத்தின் கேள்வி விடமாட்டேன் என்கிறது. நிஜமாகவே என்ன வேண்டும் எனக்கு?

ஒன்று தெரிய வேண்டும். ஏன் என் கடை? அவளுக்கும் எனக்கும் முன்பின் பழக்கமில்லை. பக்கத்து மருந்துக்கடையில் என்னுடையதைவிடப் பெரிய கண்ணாடி இருக்கிறது. அதைக் கேட்கத்தான் போகிறேன். மன்னிக்க அல்ல.

மார்ச் 17, செவ்வாய்

பெண்கள் சிறை. வாசலிலேயே கைப்பையிலிருந்த சீப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்கள் வரிசையில் அம்மாக்கள், தங்கைகள், இடுப்பில் குழந்தைகள். ஒரு புருஷனையும் காணோம். காவல்காரம்மாவிடம் கேட்டேன். "பொண்டாட்டி உள்ள வந்துட்டா அவனுங்க எதுக்கும்மா வர்றானுங்க?" என்றார், வானிலை சொல்வதுபோல.

எதிரெதிரே நாற்காலி போட்டார்கள். செங்கல்காரி சின்னப் பெண். தரையையே பார்த்தாள். எனக்கும் வாய் வரவில்லை. கோபமில்லை, பழக்கமில்லை! இத்தனை வருஷமாக யாரிடமும் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நான் பேசியதே கிடையாது. பின்னால் நின்றுதான் பேச்சு. என்னையறியாமல் எழுந்து, சுற்றிப் போய், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

கழுத்தை நெரிக்கப் போகிறேன் என்று நினைத்துக் காவல்காரம்மா பாய்ந்து என் கையைப் பிடித்தார். பிடித்தது அடிபட்ட கை. நான் போட்ட கூச்சலில் மேடம் எழுந்துவிட்டார். செங்கல்காரி சிரித்தாள்.

"விடுங்கம்மா. பார்லர்க்காரங்க அப்படித்தான் நிப்பாங்க."

எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் அவள் முகமும் தெரிந்தது, என் முகமும் தெரிந்தது. அப்புறம் பேச்சு தானாக வந்தது. கை பழக்கத்தில் அவள் தலைக்குப் போனது. இடது காதுக்கு மேலே ஒரு இடத்தில் முடியே இல்லை, வழவழவென்றிருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்சு இழுக்க அந்தப் பக்கம்தான் வாட்டம்" என்றாள்.

ஏன் என் கடை என்று கேட்டேன்.

"அன்னிக்கு அவர் தொரத்திட்டு வந்தாரு. உங்க கடையில லைட் எரிஞ்சுது. பொம்பளைங்க கடைன்னு ஓடி வந்தேன். உள்ள தாப்பா போட்டிருந்துச்சு. தட்டினேன், கத்தினேன். யாருமே வரல. அப்புறம்தான் கல்லைத் தூக்கினேன். உங்க மேல படும்னு நெனக்கல."

உள்ளே இரண்டு டிரையர் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர். எப்படித் தெரியும், எப்படிக் கேட்கும்? போலீஸிடம் இதைச் சொன்னாளாம். அது வேறு கேஸ் என்றார்களாம்.

"இங்க எப்படி இருக்கு?" என்றேன்.

"வீடு மாதிரிதான் அக்கா. எப்ப சாப்பிடணும், எப்ப தூங்கணும், எல்லாம் அவங்க சொல்றதுதான். பாப்பாதான் இல்ல."

மார்ச் 18, புதன்

செங்கல்மேல் இருந்த கோபம் உட்கார இடமில்லாமல் வீட்டுக்குள் சுற்றுகிறது. "அப்ப அந்தாளைத் தூக்கி உள்ள போடுங்க" என்கிறாள் அக்கா. சரியாகத்தானே சொல்கிறாள்? மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"போடலாம். வெளிய வந்ததும் நேரா யார்கிட்ட வருவான்?"

"அப்ப என்னதான் பண்றது?"

"முழுசா எனக்கும் தெரியல. அவளுக்கும் குழந்தைக்கும் ஒரு இடம், ஒரு வேலை, கூப்பிட்டா ஓடி வர நாலு பேர். இது இருந்தா அவளால மூச்சு விட முடியும். மீதியை அப்புறம் யோசிக்கலாம்."

தெரியாது என்று சொன்ன முதல் அதிகாரி. எரிச்சலாகவும் இருந்தது, நம்பிக்கையாகவும் இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

நீதிபதி என்னைக் கேட்டார். சொல்லிவிட்டேன்: அவள் உள்ளே உட்கார்ந்திருந்தால் என் விரல் மடங்கிவிடாது. என் கை சரியாகும்வரை அவள் கை வேண்டும். கடையில் தலை கழுவட்டும், சம்பளம் தருகிறேன். மாடி அறையில் குழந்தையோடு தங்கட்டும்.

ஒத்துக்கொண்டார். குழந்தை அவளிடம். புருஷன் எங்கள் தெருப்பக்கம் வரக் கூடாது.

"மாடி என்னோடது. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று அக்கா குதித்தாள். சாயங்காலம் பார்த்தால் பழைய டிரங்குப் பெட்டியை இழுத்து வெளியே போட்டு அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 20, திங்கள்

முதல் நாள். வாடிக்கையாக வரும் டீச்சரம்மா கண்ணில் ஷாம்பூ. அவள் பயந்தாள், நான் பயந்தேன், டீச்சரம்மா மட்டும் பயப்படாமல் திட்டினார்.

மே 9, சனி

அவன் வந்தான். தெருமுனையில் நின்று கடையையே பார்த்தான். அவள் கையிலிருந்த தண்ணீர் மக் கீழே விழுந்தது. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். எதிர்க்கடைத் தையல்காரம்மா வந்தார். அக்கா துடைப்பத்தோடு வந்தாள். எல்லாரும் வாசலில் வரிசையாக நின்றோம். போய்விட்டான். மேடத்திடமும் சொல்லியாயிற்று. இனி வரமாட்டான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத முடியவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம். யாருக்காவது தலை உலர்த்தும்போது நடுவில் டிரையரை அணைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறாள். பாதி ஈரத்தோடு கஸ்டமர் முறைக்கிறார். "புதுக் கண்ணாடியில ஸ்டிக்கரே ஒட்டல, தாப்பாவையும் எடுத்தாச்சு. அப்புறம் என்னடி?" என்றேன்.

"சும்மாதான் அக்கா."

ஜூன் 16, செவ்வாய்

கத்தரி பிடித்தேன்! அக்காவுக்கு முடி வெட்டினேன், கொஞ்சம் கோணல். அவள் கை இனித் தேவையில்லை. பேச்சுப்படி இன்றோடு முடிகிறது. ஆனாலும் நாளைக்கு இரண்டு ஏப்ரன் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

மதியம் பாப்பாவைத் தூங்க வைக்க மேலே போயிருந்தாள். நான் தனியாக டீச்சரம்மாவுக்குத் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். நடுவில் டிரையரை அணைத்தேன்.

"என்னாச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. யாராவது தட்டுறாங்களான்னு."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அவரும் வாசல் பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு, "இல்ல, யாருமில்ல. போடுங்க" என்றார்.