புளி போட்டுத் தேய்த்த கிண்ணம்

12 பிப்ரவரி 2006, ஞாயிறு

ஷார்ஜா பாலைவன சைட்டில், இரும்புக் காலக் கல்லறையிலிருந்து நேற்று எடுத்த செம்புக் கிண்ணத்தை, எங்களோடு மண் தோண்டும் செல்வம் இன்று புளி போட்டுத் தேய்த்துவிட்டான்.

"ஒரே களிம்புண்ணே. இப்பப் பாருங்க, நம்ம வீட்டுச் செம்பு கணக்கா மின்னுது!" என்று சிரிக்கிறான்.

அந்தக் காலத்தில் கிண்ணத்தைச் சுற்றிப் புதைத்த துணியின் நெசவு அந்தக் களிம்பில்தான் இழை இழையாகப் பதிந்திருந்தது. துணி எப்போதோ மண்ணாகிவிட்டது. மூவாயிரம் வருஷம் தாண்டி மிஞ்சியது அந்தத் தடம் ஒன்றுதான்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். "யாரும் சொல்லலியேண்ணே" என்றான். இரவு சாப்பிடவும் வரவில்லை.

காலையில் அகழாய்வு மேடம் போட்டோ கேட்பார். கேமரா என் பொறுப்பு. நேற்று டியூட்டி முடிகிற நேரம், நாளைக்கு எடுக்கலாம் என்று நான்தான் கேமராப் பெட்டியை மூடினேன். இதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.